வெட்டுக்கருவித் தெரிவு: நல்லூர்க் கம்மாலை முதல் கணினிப் பொறி வரை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மூலத்தானத்தில் எழுந்தருளியிருப்பது வேல். உருவத் திருமேனிக்குப் பதிலாக வேலாயுதமே மூலமூர்த்தியாக வழிபடப்பெறும் இத்தலத்தின் சிறப்பைச் சமய அறிஞர் பலர் எடுத்துரைத்துள்ளனர். கூர்மையும் அகலமும் ஆழமும் உடைய ஞானத்துக்கு வேல் அடையாளம் என்பது நம் மரபு. அந்த வேலும் முதற்கண் உலையிற் காய்ந்து, பட்டடையில் அடியுண்டு, சாணையிற் கூர்பெற்ற ஒரு கருவியே. ஞானத்துக்கு உவமை தேடிய நம் முன்னோர், கொல்லன் ஆக்கிய கூர்வாயை அதற்கு உவமையாகக் கொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

யாழ்ப்பாண அரசின் தலைநகராய் விளங்கிய நல்லூரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர் வரிசையையும், போர்களையும், 1619 இல் அவ்வரசு போர்த்துக்கேயர் வசமானதையும் விரிவாக ஆராய்ந்தனர். ஆனால் இடிபட்ட பழைய ஆலயமும், ஒல்லாந்தர் காலத்தில் மீண்டும் எழுந்த ஆலயமும், மந்திரிமனையின் மரவேலைப்பாடும், ஆண்டுதோறும் வீதிவலம் வரும் தேரும் எவ்வெக் கருவிகளால் ஆக்கப்பட்டன, அக்கருவிகளை எந்த அறிவு கொண்டு தேர்ந்தனர் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை. கணினியால் இயங்கும் வெட்டுபொறிகள் பெருகிய இக்காலத்தில் அவ்வினா பழம்பொருள் ஆராய்ச்சியோடு அமைவதன்று. நமது கல்வி முறையையும் தொடுவது. அதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு பொருள்களும் நான்கு கருவிகளும்

நல்லூரையும் அதன் சூழலையும் சார்ந்த கைவினைஞர் வெட்டவேண்டியிருந்த பொருள்களுள் நான்கு தலையாயவை: பனை, சுண்ணக்கல், கருங்கல், சங்கு. இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு வெட்டுக்கருவித் தெரிவின் அடிப்படை விதிகள் யாவும் புலனாகும்.

பனையின் புறப்பகுதி கருநிற நார்கள் செறிந்து மிக வன்மையுடையது. உட்பகுதியோ மென்மையான சோறு. நார்கள் நெடுக்காக ஓடுதலின் அதனைக் குறுக்கே வெட்டுதல் அரிது. நெடுக்கே பிளத்தல் எளிது. ஆகவே வளைகளும் சிலாகைகளும் ஆக்குவோர் கோடரியும் ஆப்பும் கொண்டு முதலிற் பிளந்து, பின்னர் வாய்ச்சியாற் செதுக்கி, இறுதியிற் சீவுளியால் இழைத்தனர். பொருளின் அமைப்பே முறையை வகுத்தது. முதலில் மிகுதியை விரைந்து நீக்குதல், பின்னர் அளவும் மெருகும் பெற மெல்லெனச் சீவுதல் என்ற இவ்விரு படிநிலைகள் இன்றைய பொறிப்பட்டறையிலும் அவ்வாறே உள்ளன.

குடாநாட்டின் நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல் ஒப்பளவில் மென்மையானது. கோயிற்றிருப்பணிக்கு வேண்டிய கருங்கல்லோ குடாநாட்டில் இல்லை. வெளியிலிருந்தே கொண்டுவரப்பட வேண்டும். மரத்தச்சன் உளியின் வாய் இருபத்தைந்து முப்பது பாகை அளவிற் கூரியது. அது மரத்தைச் சீவும். அவ்வுளியைக் கருங்கல்லில் வைத்து அடித்தால் வாய் நொறுங்கும். கற்றச்சன் உளி மழுங்கிய கோணமும் தடித்த உடலும் உடையது. அது கல்லைச் சீவுவதில்லை, அடிதோறும் நொறுக்கிச் செல்கின்றது. எனவே கூர்மை என்பது எல்லாவிடத்தும் ஒன்றன்று. எப்பொருளை வெட்டுகின்றோம் என்பதை அறிந்த பின்னரே எது கூர்மை என்று சொல்லல் இயலும்.

சங்கின் வரலாறு பழமையானது. சங்கறுத்துக் கடையும் தொழிலாளர் மதுரை நகரில் வாழ்ந்ததை மதுரைக்காஞ்சி குறிப்பிடுகின்றது. அவர்களைக் ‘கடைநர்’ என்னும் சொல்லாற் சுட்டுகின்றது. இன்று உலோகத்தைச் சுழற்றி வெட்டும் பொறியைக் கடைசற்பொறி என்று நாம் வழங்குவது அச்சொல்லின் வழியே வந்தது. யாழ்ப்பாணக் கடலிற் குளித்தெடுத்த சங்குகள் நெடுங்காலம் வங்காளத்துக்கு ஏற்றுமதியாகி அங்கு வளையல்களாயின. சங்கைப்பற்றி 1914 இல் விரிவான நூல் வெளியிட்ட சேம்சு ஓர்ணெல் என்பார், கொற்கையில் அறுத்தெறியப்பட்ட சங்குத் துண்டுகளைக் கண்டு அங்கு முற்காலத்தில் அத்தொழில் நடைபெற்றமையை நிறுவினார். வங்காளத்துச் சங்கறுப்போர் பிறைவடிவான பெருவாளைக் கையாண்டதையும் விளக்கினார். சங்கு அடித்தால் வெடிக்கும். ஆதலின் உளிக்கு அங்கு இடமில்லை. சிறிது சிறிதாக அராவிச் செல்லும் வாளே அதற்கு உரியது.

உருக்கும் தோய்ச்சலும்

கருவியின் வடிவுக்கு அடுத்து நிற்பது கருவியின் பொருள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பூமி. இரும்புத்தாது இங்கு இல்லை. ஆகவே நல்லூர்க் கம்மாலைக்கு வேண்டிய இரும்பும் உருக்கும் வெளியிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். வந்த உருக்கைத் தேர்தலும், அதற்குத் தோய்ச்சல் கொடுத்தலுமே இங்குள்ள கொல்லனின் தனித்திறமை. சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்த உருக்கு மிகக் கடினமாகும். ஆயின் கண்ணாடிபோல் உடையும். அதனை மீண்டும் மெல்லெனச் சூடாக்கினால் மேற்பரப்பில் நிறங்கள் தோன்றும். ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் மஞ்சளும், பின்னர்க் கபிலமும் ஊதாவும், 300 பாகையளவில் நீலமும் முறையே வரும். மஞ்சளில் நிறுத்தினால் வாய் கடினமாயிருக்கும். நீலத்தை அணுகவிட்டால் கடினம் குறைந்து தாங்குதிறன் மிகும். சீவுங் கருவிக்கு முன்னதும், அடிதாங்கும் உளிக்குப் பின்னதும் பொருந்தும். வெப்பமானி இன்றிக் கண்ணொன்றே கருவியாக இந்நுட்பத்தைக் கொல்லர் கைக்கொண்டனர்.

அவர்கள் கையாண்ட உருக்கின் பெருமையும் சிறிதன்று. தமிழில் ‘உருக்கு’ என்னும் சொல் உருக்குதலையும் அவ்வாறு பெற்ற உலோகத்தையும் ஒருங்கே குறிக்கும். மூடிய மட்குகையில் இரும்பையும் காபன்தரும் மரப்பொருளையும் இட்டு உருக்கும் முறை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தொன்றுதொட்டு நிலவியது. மேனாட்டார் அவ்வுருக்கை ‘ஊற்சு’ என வழங்கினர். இலங்கையின் தென்மலைச் சாரலிற் சமனலவாவிப் பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளைக் கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் கண்டறிந்து, அவ்வாறே ஓர் உலையை அமைத்து இயக்கிக் காட்டி, 1996 இல் அம்முடிவை வெளியிட்டார். அவ்வுலைகள் கி. பி. ஏழாம் நூற்றாண்டு முதற் பதினோராம் நூற்றாண்டு வரையிலானவை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல்கிந்தி, வாள்களைப்பற்றிய தமது நூலில் இலங்கை உருக்கையும் எடுத்துரைத்தார்.

இவ்வுருக்கின் இரகசியத்தை அறிய விரும்பிய மைக்கேல் பரடே, சேம்சு சுதோடாட்டு என்னும் கத்தி வினைஞரோடு கூடி ஆராய்ந்து 1820 இலும் 1822 இலும் கட்டுரைகள் வெளியிட்டார். உருக்கோடு பிற உலோகங்களைக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சிக்கு அம்முயற்சி வழிகோலியது. அந்த 1822 ஆம் ஆண்டிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஏடுகளிற் செல்லரித்துக் கிடந்த தமிழ் நூல்களைப் பரிசோதித்து அச்சேற்றிக் காத்தவர் அவர். ஆனால் ஏட்டிலும் எழுதப்படாது கொல்லன் கையிலும் கண்ணிலும் மட்டும் வாழ்ந்த அறிவை அச்சேற்றுவார் அக்காலத்தில் எவருமிலர். மலிவான மேனாட்டு இரும்பு வந்து குவிந்தது. கரி எடுக்கும் காடுகள்மீது கட்டுப்பாடுகள் எழுந்தன. உலைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. தமிழ்க் குடும்பத்தில் உதித்த ஆனந்த குமாரசுவாமி இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பணியில் இருந்தபோது, மலைநாட்டுக் கிராமங்களில் எஞ்சியிருந்த இரும்பு, உருக்குத் தொழில்களைக் கண்டு எழுதி, 1908 இல் வெளியான தமது மத்தியகாலச் சிங்களக் கலை நூலிற் சேர்த்தார். அவர் எழுதியிராவிடின் அம்முறைகளிற் பல நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எண்ணாகிய கைந்நுட்பம்

அறிவை எழுத்திலும் எண்ணிலும் பதித்தல் மேனாட்டில் வேறு வகையாக நிகழ்ந்தது. இங்கிலாந்திற் கடிகார வினைஞராகிய பெஞ்சமின் அண்ற்சுமன் 1740 ஐ அடுத்த ஆண்டுகளிற் குகையில் உருக்கு ஆக்கும் முறையைத் தாமே கண்டார். 1868 இல் உரொபேட்டு முசெற்று, தங்குதன் கலந்து, நீரில் தோய்க்காமலே காற்றிற் கடினமாகும் உருக்கை ஆக்கினார். ஆயினும் வெட்டும் தொழிலையே விஞ்ஞானமாக்க முயன்றவர் அமெரிக்கராகிய பிரெடெரிக் ரெயிலர்.

ரெயிலர் 1880 இல் மிட்வேல் உருக்காலையில் தமது சோதனைகளைத் தொடங்கி 26 ஆண்டுகள் நடத்தினார். பொறியின்முன் நிற்கும் தொழிலாளி நாள்தோறும் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும் என்பது அவர் கண்ட முடிபு: எக்கருவியைக் கொள்வது, எவ்விரைவில் வெட்டுவது, ஒவ்வொரு சுற்றிலும் கருவியை எவ்வளவு முன்செலுத்துவது. இவ்விடைகளைப் பன்னிரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன என்றும் அவர் வகுத்தார். பதிவான சோதனைகள் 30,000 க்கு மேற்பட்டன. சீவலாக வெட்டுண்ட உலோகம் 8 இலட்சம் இறாத்தலுக்கு மேலாகும். கருவியின் வாயில் நீரைப் பெருகவிட்டால் விரைவை 40 வீதமளவுக்கு உயர்த்தலாம் என்பதும் அவர் கண்டவற்றுள் ஒன்று. 1906 இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் தலைவராக அவர் இவற்றை வெளியிட்டார்.

இடையில் 1898 ஐ ஒட்டி ரெயிலரும் வைற்று என்பாரும் பெத்திலேகம் உருக்காலையில் ஒரு வியப்பான உண்மையைக் கண்டனர். குறித்த அளவுக்குமேற் சூடேறினால் கருவி கெட்டுவிடும் என்பதே கொல்லர் யாவரும் கொண்டிருந்த கொள்கை. தங்குதன் உருக்கையோ உருகுநிலைக்கு அணித்தாக ஏற்றிக் குளிர்வித்தபோது, அது செஞ்சூட்டிலும் வாய் மழுங்காது வெட்டியது. 1900 இற் பாரிசு கண்காட்சியில் நீலம் பாய்ந்த சீவல் சிதற, முனை சிவக்க, அக்கருவி வெட்டுவதைக் கண்டோர் வியந்தனர். அதுவே கடுவிரைவு உருக்கு எனப் பெயர் பெற்றது.

அடுத்த படி செருமனியில் நிகழ்ந்தது. தங்குதன் காபைட்டுத் தூளைக் கோபாற்றுடன் சேர்த்து அழுத்திச் சூட்டில் இறுக்கும் முறைக்கு 1923 இற் காள் சுரோட்டர் உரிமை பெற்றார். குருப்பு நிறுவனம் அதனை 1927 இல் இலைப்சிக்குக் கண்காட்சியில் ‘விடியா’ என்னும் பெயருடன் வெளிப்படுத்தியது. வைரம் போன்றது என்பதே அப்பெயரின் கருத்து. 1969 அளவில் காபைட்டின்மேற் சில மைக்கிரன் தடிப்பில் தைத்தானியம் காபைட்டு உறை பூசிய முனைகள் விற்பனைக்கு வந்தன.

இவ்வரலாறு முழுவதையும் ஓரளவில் அடக்கிக் கூறலாம்: வெட்டும்போது எழும் வெப்பத்தை எது தாங்கும்? வெறும் காபன் உருக்குக் கருவி 250 பாகையளவிற் கடினத்தை இழக்கும். கடுவிரைவு உருக்கு 600 பாகை வரை தாங்கும். காபைட்டு 900 பாகையிலும் நிலைக்கும். சில வனைபொருட் கருவிகள் அதற்கும் மேல் தாங்கும். ஆயின் வெப்பந்தாங்கும் ஆற்றல் ஏறுந்தோறும் அடிதாங்கும் ஆற்றல் இறங்குகின்றது. நல்லூர்க் கொல்லன் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே தேடிய சமநிலையையே இன்றைய பொறியியலாளரும் தேடுகின்றனர்.

கணினிப் பொறியும் தெரிவும்

உலங்குவானூர்தியின் சுழலலகுகளுக்கு வேண்டிய வளைவுகளைத் துல்லியமாக வெட்டும் பொருட்டு அமெரிக்கராகிய யோன் பாசன்சு, எண்களாற் பொறியை இயக்கும் எண்ணத்தை வளர்த்தார். மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவனத்தார் 1952 இல் அத்தகைய பொறி ஒன்றை இயக்கிக் காட்டினர். பின்னர்க் கணினியே பொறியோடு இணைந்தது; சி.என்.சி. என இன்று யாவரும் வழங்கும் கணினி எண்கட்டுப்பாட்டுப் பொறி உருவாயிற்று. கையின் நடுக்கமும் களைப்பும் அதற்கு இல்லை. ஆனால் எக்கருவியைப் பூட்டவேண்டும், எவ்விரைவை எழுதவேண்டும் என்பவற்றை மனிதனே கூறவேண்டும். அட்டவணைகளும் மென்பொருள்களும் உதவலாம். இட்ட கட்டளை பிழையாயின் பொறி அப்பிழையையும் வழுவாது நிறைவேற்றும்.

அனைத்துலக நியமம் வெட்டப்படும் பொருள்களை ஆறு தொகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் நிறமும் கொடுத்துள்ளது. உருக்கு ‘பி’ என நீலமும், துருவேறா உருக்கு ‘எம்’ என மஞ்சளும், வார்ப்பிரும்பு ‘கே’ எனச் சிவப்பும், அலுமினியம் முதலியன ‘என்’ எனப் பச்சையும் பெறும். வெப்பந்தாங்கு கலப்புலோகங்களும் தைத்தானியமும் ‘எசு’ தொகுதியாகவும், கடினமாக்கிய உருக்கு ‘எச்சு’ தொகுதியாகவும் அமையும். பனை, சுண்ணக்கல், கருங்கல், சங்கு என்று நம்மவர் கண்ட வேறுபாட்டின் விரிவே இது. அலுமினியம் கருவியில் ஒட்டும். அதற்கு மரவுளிபோன்ற கூரிய, வழவழப்பான வாய் வேண்டும். வார்ப்பிரும்பு கல்லைப்போலப் பொடியாய் உதிரும். துருவேறா உருக்கு உரசினால் இறுகும். அதனை மெல்லத் தடவாமல் இறுகிய படையின்கீழ் ஆழ்ந்து வெட்டவேண்டும். தைத்தானியம் வெப்பத்தைக் கடத்தாது; வெப்பமெல்லாம் கருவியின் முனையிலேயே தங்குதலின் விரைவைக் குறைத்தல் வேண்டும்.

மிகக் கடினமானதே மிகச் சிறந்ததென்று கொள்வார்க்கு வைரம் ஒரு பாடம் புகட்டும். அலுமினியத்தை வெட்ட வைரமுனை மிகச் சிறந்தது. உருக்கை விரைந்து வெட்டும்போதோ எழும் வெப்பத்தில் வைரத்தின் காபன் இரும்பினுட் கரைந்துபோகும். ஆகவே கடினமாக்கிய உருக்குக்கு வைரத்தினும் கடினங் குறைந்த போரன் நைத்திரைட்டு முனையே பொருந்தும்.

விரைவைத் தெரிதற்கு எளிய கணக்கு உண்டு. நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் என வெட்டுவிரைவு தரப்பட்டால், அதனை ஆயிரத்தாற் பெருக்கி, மில்லிமீற்றரில் அளந்த விட்டத்தையும் 3.14 ஐயும் பெருக்கி வந்த தொகையால் வகுக்கச் சுற்றெண் கிடைக்கும். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள மென்னுருக்குத் தண்டைக் கடுவிரைவு உருக்கினால் 30 மீற்றர் விரைவிற் கடையின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 சுற்று. உறைபூசிய காபைட்டினால் 200 மீற்றர் விரைவிற் கடையின் ஏறக்குறைய 1,270 சுற்று. கருவியை மாற்றாது சுற்றெண்ணை மட்டும் ஏற்றினால் விளைவதென்ன? விரைவுக்கும் கருவியின் ஆயுளுக்கும் ரெயிலர் கண்ட தொடர்பு அதற்கு விடை தரும். விரைவை ஐந்திலொரு பங்கு உயர்த்தினால், வழக்கமாகக் கொள்ளும் அடுக்கெண்களின்படி, காபைட்டின் ஆயுள் பாதியாகும். கடுவிரைவு உருக்கின் ஆயுள் நாலிலொன்றாகக் குறையும். அவசரத்தின் விலை இவ்வாறு எண்ணிற் புலப்படுகின்றது.

யாருக்காக எழுதுவது?

இங்கு ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. ரெயிலர் அறிவை எழுதினார். ஆனால் தொழிலாளியிடமிருந்து பெற்ற அறிவை மேலாளரின் அறைக்கு மாற்றுவதே அவர் வகுத்த ஆட்சிமுறையின் போக்காயிற்று. கணக்கிடுதற்கு அவருடைய துணைவர் காள் பாத்து ஆக்கிய நழுவு சட்டங்கள் திட்டமிடுவோர் கையில் இருந்தன. தொழிலாளி கட்டளையை ஏற்பவனானான். 1911 இல் வாட்டர்ரவுன் படைக்கலச் சாலையில் அம்முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் எழுந்தது. அமெரிக்கச் சட்டமன்றமும் அதனை விசாரித்தது. ஆகவே எழுதாது விட்ட அறிவு அழிகின்றது. எழுதி ஒருவர் கையில் முடக்கிய அறிவு மற்றவரை வறியராக்குகின்றது. நாவலர் அச்சேற்றிய முறையே மூன்றாவது வழி. ஒரு சிலரின் பெட்டியிற் கிடந்த ஏடுகளை அவர் கற்பார் யாவர்க்கும் உரியனவாக்கினார்.

தமிழ்நாட்டிற் கோயம்புத்தூர் இவ்வகையில் நமக்கு எடுத்துக்காட்டாகும். அங்கு 1926 இற் பி. எசு. சி. அறநிலையத்தார் தொழிற்சாலையும் தொழிற்கல்வியும் இணைந்த நிலையத்தைத் தொடங்கினர். ஆலைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் வளர்ந்து, பொறிகளையே ஆக்கும் நிலையை அடைந்தன. 1962 இல் நிறுவப்பட்ட இலட்சுமி இயந்திர ஆலை நூற்புப் பொறிகளோடு கணினி எண்கட்டுப்பாட்டுப் பொறிகளையும் ஆக்குகின்றது. பட்டறையும் பள்ளியும் ஒரே வளாகத்தில் நின்றமை அவ்வளர்ச்சிக்கு உரமாயிற்று. யாழ்ப்பாணத்திலோ கல்வி நெடுங்காலம் எழுதுவினைஞர் பதவிக்கு ஏணியாய் இருந்தது. கம்மாலை, கற்றோர் எட்டிப் பாராத இடமாயிற்று. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் நடைபெறுகின்றது. தேர்செய்யும் ஆசாரிமாரும் கோயிற் கற்றச்சரும் கடைசற் பட்டறை வினைஞரும் நம்மிடையே வாழ்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்புத்தான் அரிதாயுள்ளது.

மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தேர்த் திருப்பணி நடைபெறும் இடத்திலோ அயலிலுள்ள பட்டறையிலோ ஒருநாள் அமர்ந்து, எம்மரத்துக்கு எவ்வுளி, எந்நிறத்தில் தோய்ச்சல், எவ்வோசை கேட்டால் கருவி மழுங்கிற்று என அறிவர் என்பவற்றைக் கேட்டெழுதுக. கோணத்தை அளந்து குறிக்க. கருவியின் பெயரை அவர் வாய்ச்சொல்லாகவே எழுதுக. சொன்னவரின் பெயரையும், அவர் இசைந்தால், உடன் பொறிக்க. எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுக; பிழையிருப்பின் அவரே திருத்துவார். எத்தொழிலை யாரிடம் ஒப்படைப்பது என ஆராய்தற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வள்ளுவர் வகுத்தார். அத்தெரிவு கருவிக்கும் வேண்டும். கருவியை அறிந்தவரை மதிக்கும் கல்விக்கும் வேண்டும்.

ஆவணித் திருவிழாவில் நல்லூரின் தேர் அசையும்போது நாம் வடத்தைப் பற்றுகின்றோம், வேலைத் தொழுகின்றோம். அந்தத் தேரின் சில்லை வட்டமாக்கிய வாய்ச்சியையும், வேலின் வாயைக் கூராக்கிய கையையும் அப்பொழுது ஒருகணம் நினைத்தல் வழிபாட்டுக்குப் புறம்பாகாது.